மாடு இல்லாத மாட்டுக்காரன்

பையன் பரீட்சையில் தேறவில்லை என்றால் நம் வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும்: "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" தகப்பனார் சொல்வார், வாத்தியார் சொல்வார், அவர்கள் இருவரும் மறந்துவிட்டால் பக்கத்து வீட்டு மாமாவாவது சொல்லி வைப்பார். அப்படி வசவு வாங்கிய பையன் அன்று மாலையே என்ன செய்வான் தெரியுமா? லயன் காமிக்ஸோ முத்து காமிக்ஸோ ஒன்றைப் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, குதிரைமேல் வரும் கௌபாய் வீரனைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வீரனுடைய உத்தியோகம் என்ன? 'கௌபாய்' என்பதைத் தமிழில் சொன்னால் மாட்டுக்காரப் பையன் என்றுதானே பொருள்? உள்ளூரில் மேய்த்தால் அவமானம். டெக்ஸாஸில் மேய்த்தால் வீரம்! இந்த விநோதத்தை நான் பல காலமாக யோசித்து வந்திருக்கிறேன். நம்மவர் எழுதும் கௌபாய்க் கதைகள் ஏன் உயிரில்லாமல் போகின்றன என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி சும்மா வரவில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டு என்று ஒரு சிறிய ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து கிழக்கே கழனிகளையும் உப்பங்கழிகளையும் தாண்டினால் பழவேற்காட்டு ஏரி. ஏரிக் கரை நெடுக மீனவர் குப்பங்கள். அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் தாம் எழுதிய நெடுங்கதை ஒன்றை என்னிடம் கொண்டு வந்தார். தாய்வழிச் சொந்தம் முழுவதும் ஏரிக் கரையில்தான். கதை நடப்பதோ டெக்ஸாஸில். கதாநாயகன் ஆறடி உயரம், இடுப்பில் இரண்டு துப்பாக்கி, வெள்ளைக் குதிரை. முதல் அத்தியாயத்திலேயே ஒன்பது பேரைச் சுட்டு வீழ்த்திவிட்டு, ஒன்றும் நடவாதது போல் புகையிலையை மெல்லுகிறான்.

"நம்பும்படி இருக்கிறதா, சார்?" என்று கேட்டார்.

"எல்லாம் சரி, தம்பி. மாடு எங்கே?" என்றேன்.

அவர் விழித்தார். எழுபது பக்கத்துக் கதையில் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்குக் கிடைத்த கௌபாய்கள் எல்லாருமே மாடு இல்லாத மாட்டுக்காரர்கள்தாம். ஒளிப்பதிவாளராயிருந்து டைரக்டரான கர்ணன், ஜெய்சங்கரைக் கதாநாயகனாக வைத்துக் 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) முதலிய படங்களை எடுத்தார். குதிரையும் குளம்படித் தூசியும் கண்ணைப் பறித்தன. தெலுங்கில் 1971-ல் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' வந்தபோது ராஜஸ்தானத்துப் பாலைவனம் அமெரிக்காவாக வேஷம் போட்டுக்கொண்டது. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்து இந்த மரபையே கேலி செய்தார். ரசித்துப் பார்த்தோம், கைதட்டினோம். ஆனால் கதாநாயகன் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போகிறான், மாதம் முடிந்தால் யாரிடம் போய்ச் சம்பளத்துக்கு நிற்கிறான் என்று எந்தப் படமும் நமக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

உண்மையில் அந்த மனிதன் யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. டெக்ஸாஸ்காரர்கள் போரிலிருந்து வீடு திரும்பியபோது கையில் காசில்லை. ஆனால் புல்வெளியெங்கும் லட்சக்கணக்கில் மாடுகள் கேட்பாரற்றுத் திரிந்தன. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டு வந்து இறக்கிய மாடுகளின் வம்சம் அவை. காட்டிலே பெருகி, கொம்பு நீண்டு, பாதிக் காட்டு மிருகமாகவே மாறியிருந்தன. டெக்ஸாஸில் ஒரு மாடு நாலைந்து டாலருக்கு விலைபோகாது; வடக்கே நகரங்களில் அதே மாட்டுக்கு நாற்பது டாலர் கொடுப்பார்கள். நடுவில் இருந்ததோ ரயிலில்லாத பல நூறு மைல். 1867-ல் ஜோசப் மக்காய் என்ற வியாபாரி கான்ஸாஸ் மாகாணத்தில் அபிலீன் என்ற ரயிலடி ஊரில் மாட்டுப்பட்டி கட்டி, "மாட்டை இங்கே ஓட்டி வாருங்கள், நான் ரயிலேற்றுகிறேன்" என்றார். அங்கே பிறந்தது கௌபாயின் பெரிய காலம். ஏறக்குறைய இருபது வருஷத்தில் அது முடிந்தும் போயிற்று.

மாடு ஓட்டுவது எப்படி என்று பார்ப்போம். இரண்டாயிரம் மூவாயிரம் மாடு கொண்ட ஒரு மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மைல். அதற்கு மேல் விரட்டினால் மாடு இளைத்துவிடும், விலை போகாது. இப்படி இரண்டு மூன்று மாதம். முன்னே வழிகாட்டிச் செல்பவர் அநுபவசாலி. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மந்தையின் பின்னால்தான் இடம். மூவாயிரம் மாட்டின் குளம்படிப் புழுதி முழுவதும் அவன் மூக்குக்கும் வாய்க்கும்! அவன் கழுத்தில் கட்டியிருக்கும் துணி அழகுக்கு அன்று, மூச்சு விடுவதற்கு. ராத்திரியில் முறை வைத்துக் காவல். இரண்டு பேர் எதிரெதிராக மந்தையைச் சுற்றி வருவார்கள். வரும்போது மெல்லப் பாடிக்கொண்டே வருவார்கள். பாட்டில் ஆசை அன்று. இருட்டில் திடீரென்று ஓசை கேட்டால் மாடு மிரளும் என்பதற்காக, இடைவிடாமல் ஒரு பழகின குரல் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஒரு மின்னல் போதும். மூவாயிரம் மாடும் ஒரே கணத்தில் எழுந்து ஓடும்.

அவன் அஞ்சியது இதற்குத்தான். வெள்ளம் வந்த ஆற்றில் மந்தையை இறக்குவதற்கு அஞ்சினான். குதிரை இடறி விழ, அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டு இழுபடுவதற்கு அஞ்சினான். துப்பாக்கிச் சண்டை? கான்ஸாஸின் பேர்போன ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களின் பழைய பதிவுகளை ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற சரித்திராசிரியர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். 1870 முதல் 1885 வரை ஐந்து ஊர்களிலும் சேர்த்து நடந்த கொலைகள் 45. நம் அனுப்பம்பட்டு நண்பரின் கதாநாயகன் ஐந்து அத்தியாயத்தில் தீர்த்துவிடக்கூடிய கணக்கு! போதாக்குறைக்கு, அந்த ஊர்களில் பல, எல்லைக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்லக்கூடாது என்று சட்டமே போட்டிருந்தன.

சம்பளம் மாதம் முப்பது நாற்பது டாலர். குதிரை பெரும்பாலும் முதலாளியுடையது. சேணம் மட்டும் அவனுடையது. சமையல் வண்டி ஓட்டும் சமையல்காரருக்கு அவனைவிடக் கூலி அதிகம்; மரியாதையும் அதிகம். மந்தையோட்டிகளில் கணிசமானவர் கறுப்பர்கள். நாலில் ஒருவர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மெக்ஸிகோக்காரர்களும் ஏராளம். தொழிலே அவர்களுடையதுதான். அமெரிக்கர்கள் சுருக்குக் கயிற்றுக்கும் பண்ணைக்கும் காட்டுக் குதிரைக்கும் வழங்கும் சொற்கள் எல்லாம் ஸ்பானிஷ் மொழியிலிருந்து வந்தவை. நாட் லவ் என்பவர் டென்னஸியில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்றபின் மாடோட்டியாக வாழ்ந்து, 1907-ல் தம் சரிதத்தை எழுதி வெளியிட்டார். மந்தைக் காலம் ஓய்ந்தபின் அவர் என்ன செய்தார்? ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரிக்கும் ஊழியராகச் சேர்ந்தார். கௌபாயை உண்டாக்கியதும் ரயில், ஒழித்ததும் ரயில், மிஞ்சியவனுக்குச் சோறு போட்டதும் ரயில்.

1883-ம் வருஷத்தை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். அந்த வருஷம் டெக்ஸாஸின் வட பகுதியில் கௌபாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆம், கூலி உயர்வு கேட்டு! மாதம் ஐம்பது டாலர் வேண்டும் என்றார்கள். பண்ணைகள் அப்போது பெரிய பெரிய கம்பெனிகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். முதலாளிகள் இணங்கவில்லை, வேறு ஆட்களை வைத்துக்கொண்டார்கள், வேலைநிறுத்தம் தோற்றது. அதே 1883-ல்தான் பஃபலோ பில் என்று பெயர் பெற்ற வில்லியம் கோடி, தம்முடைய 'காட்டு மேற்கு'க் காட்சியைத் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். குதிரைச் சாகசம், துப்பாக்கி வெடிச் சத்தம், டிக்கெட்டு விற்பனை! ஒரு பக்கம் நிஜமான மாட்டுக்காரன் கூலி கேட்டுத் தோற்று நிற்கிறான். மறுபக்கம் அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒருவன் மேடையில் கைதட்டு வாங்குகிறான். பிற்காலத்து நாவலாசிரியர்களில் பெரும்பாலோர் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

1902-ல் ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்' வெளிவந்தது. கௌபாய் நாவல்களுக்கெல்லாம் அதுவே மூலவிக்கிரகம். ஆசிரியர் பிலடெல்பியாக் கனவான். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். கதாநாயகன் கம்பீரமானவன், காதலிக்கிறான், துஷ்டனைச் சுடுகிறான், ஆனால் மாட்டோடு அவனுக்குக் கொஞ்சம்தான் சம்பந்தம். அடுத்த வருஷமே, 1903-ல், ஆண்டி ஆடம்ஸ் என்பவர் 'தி லாக் ஆப் எ கௌபாய்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவர் நிஜமாகவே மந்தை ஓட்டினவர். பொய்க் கதைகளைக் கண்டு பொறுக்காமல் பேனா எடுத்தவர். டெக்ஸாஸின் தென்கோடியிலிருந்து மொண்டானா வரைக்கும் மூவாயிரத்துச் சொச்சம் மாட்டை ஓட்டிச் செல்லும் கதை. காதல் கிட்டத்தட்ட இல்லை. ஆறு கடப்பது, சேறு, தண்ணீரின்றித் தவித்த மந்தை, இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொல்லும் கதைகள் — இவ்வளவுதான். ஆனால் படித்து முடித்தபின் நம் சட்டையில் புழுதி ஒட்டியிருக்கிறதோ என்று தட்டிப் பார்க்கத் தோன்றும்! விற்பனையில் விஸ்டர் வென்றார். நம்பிக்கையில் ஆடம்ஸ் வென்றார் என்பேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞர், "அதெல்லாம் அமெரிக்காக்காரர் சமாசாரம், சார். அனுப்பம்பட்டில் பிறந்தவனுக்கு அந்த மாட்டை எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் வீட்டுக்கு அருகிலேயே ஓடும் அந்த ரயில் பாதைக்கே இதில் ஒரு பதில் உண்டு.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள் என்பதும், அங்கிருந்து சோழமண்டலத்துத் துணி கப்பலேறிற்று என்பதும் பலருக்குத் தெரியும். இதே கரையின் வடபகுதி மாடு உலகத்தைச் சுற்றிய கதை அத்தனை பேருக்குத் தெரியாது. அனுப்பம்பட்டைக் கடந்து அதே தண்டவாளம் வடக்கே கூடூர், நெல்லூர், ஒங்கோல் என்று போகிறது. ஒங்கோல் தாலுகா 1904 வரை நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகையால் அந்தச் சீமையின் வெள்ளை மாட்டுக்கு வெளிநாட்டில் நெல்லூர் மாடு என்றே பெயர் விழுந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அது பிரேஸிலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1962-ல் ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்ற கிராமத்துக் காளை ஒன்று பிரேஸிலுக்குச் சென்று, ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்டு, அங்கே மிகப் பெரிய வம்சத்துக்கு மூலபுருஷனாயிற்று. இன்று பிரேஸிலின் மாமிச மாடுகளில் பெரும் பகுதி 'நெலோர்' இனத்தையோ அதன் கலப்பையோ சேர்ந்தவை. அங்கே குதிரைமீதேறி மந்தை ஓட்டும் மாட்டுக்காரன் முன்னே செல்வது, திமில் ஆட நடக்கும் நம் நெல்லூர் மாடுதான்!

டெக்ஸாஸும் தப்பவில்லை. அங்கே உண்ணியால் வரும் ஒரு காய்ச்சல் சீமை மாடுகளைக் கொன்று குவித்தது. வெயிலும் தாளவில்லை. வெயிலுக்கும் உண்ணிக்கும் அஞ்சாத மாடு எங்கே உண்டு என்று தேடியவர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1906-ல் டெக்ஸாஸின் பியர்ஸ் பண்ணைக்கு இந்திய இனங்களைச் சேர்ந்த 30 காளைகளும் 3 பசுக்களும் வந்து சேர்ந்தன. இவற்றையும் வேறு சில இறக்குமதிகளையும் கலந்து அமெரிக்கர்கள் உண்டாக்கிய இனத்துக்கு 'பிராமன்' என்று நாமகரணம் செய்து, 1924-ல் அதற்கென்று ஒரு சங்கமும் வைத்துவிட்டார்கள். (நம்மூரில் இந்தப் பெயரை மாட்டுக்கு வைத்திருந்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஊர்வலம் போயிருப்போம்.) ஆக, தொட்டில் ஊரை விட்டுவிட்டு மாட்டைத் தேடிக் கடல் தாண்டிப் போவானேன்?

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1969-ல் ராக்கெட் தளத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட தீவு. அதன் காடுகளில், பட்டியும் இல்லாமல் எஜமானும் இல்லாமல், காட்டு மிருகமாகவே மாறித் திரியும் நாட்டு மாட்டு மந்தைகளை இயற்கை ஆராய்ச்சியாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். டெக்ஸாஸின் நீள்கொம்பு மாட்டின் கதையும் இதே கதைதானே? மனிதன் கொண்டு வந்தான், மனிதன் விட்டுவிட்டான், மாடு காட்டோடு போயிற்று. ஒருகாலத்தில் சூடு போட்டுக் குறி வைத்த மாட்டின் பேரப்பிள்ளை, மனிதனைக் கண்டதும் தலை தூக்கி மூச்சு விடுவதை மனத்தில் கண்டுவிட்டால் போதும். அத்தியாயத்தின் முதல் வரி கிடைத்துவிடும்.

அந்த இளைஞருக்கு ஏரியின் 'பாடு' அத்துபடி. இறால் விழும் இடங்களில் இன்ன நாளில் இன்ன குடும்பத்தார்தாம் வலை கட்டலாம் என்று முறை வைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கு அங்கே பாடு என்று பெயர். யாருக்குப் பாட்டில் உரிமை உண்டு, யாருக்கு இல்லை, முறை தவறி ஒருவன் வலை கட்டினால் ஊர் என்ன செய்யும் — இதையெல்லாம் அவர் அரைமணி நேரம் நிறுத்தாமல் சொன்னார். சொல்லும்போது அவர் முகமே மாறிவிட்டது. யார் யாரிடம் அடங்கவேண்டும், யார் எங்கே குரல் உயர்த்தலாம் என்று அவர் பேச்சிலேயே ஒரு நாவல் இருந்தது.

"நீங்கள் ஒரு மீனவனைப் பற்றி எழுதினால் பாட்டை விட்டுவிட்டு எழுதுவீர்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படி, சார்? பாடு இல்லாவிட்டால் அவனுக்கு ஏரி ஏது?" என்றார்.

கௌபாய்க்கும் ஒரு பாடு இருந்தது. புல்வெளி பொதுச் சொத்து. மாடு மட்டும் தனிச் சொத்து. வேலியில்லாத நாட்டில் யார் மாடு எது என்று எப்படி அறிவது? வருஷத்துக்கு இரண்டு முறை எல்லாப் பண்ணை ஆட்களும் ஒன்றுகூடி மந்தைகளை வளைத்துப் பிரித்து, கன்று எந்தத் தாயின் பின்னே போகிறதோ அந்தத் தாயின் குறியை அதற்கும் சூடு போட்டார்கள். தாயுமின்றிக் குறியுமின்றித் திரியும் மாடு யாருக்கு என்பதில்தான் சண்டை. பாதிக் கொலையும் பாதிக் கோர்ட்டு வழக்கும் அந்தக் கன்றுக்குட்டியிடம் தொடங்கியவை. 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்கு உரிமை வாங்கினார். சில வருஷங்களில் புல்வெளி வேலிக்குள் அடங்கிற்று. 1886-87 பனிக்காலத்தில் வடபுறத்து மந்தைகள் லட்சக்கணக்கில் விறைத்துச் செத்தன. அவ்வளவுதான், பாடு கலைந்தது, மாட்டுக்காரன் கூலிக்காரனாகி வேலிக்குக் கம்பி இழுக்கப் போனான்.

நம்முடைய மாட்டுக்காரனுக்கும் சட்டம் உண்டு. டெக்ஸாஸில் மாடுகள் வேலியின்றித் திரிந்த அதே காலத்தில், 1871-ல், வெள்ளைக்கார சர்க்கார் இங்கே மாட்டு அத்துமீறல் சட்டம் கொண்டு வந்தது. பயிரில் இறங்கிய மாட்டைப் பவுண்டில் அடைக்கலாம். உடையவன் அபராதம் கட்டி மீட்கவேண்டும். அடுத்தவன் கழனியில் ஒரே ஒரு முறை வாய் வைத்த மாட்டுக்காக, கூலிக்கு மேய்த்த பையன் மாட்டுக்காரரிடமும் அடிபட்டு, கழனிக்காரரிடமும் அடிபட்டு, பவுண்டு வாசலில் அழுதுகொண்டு நின்ற கதைகள் எந்தக் கிராமத்தில் இல்லை? அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. சென்னைப் பட்டணத்தின் நடுவில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. தினம் ஆயிரம் பேர் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட்டு வாங்குகிறார்கள். அங்கே மந்தை நின்றது என்பதையோ, அதை ஓட்டி வந்தவன் ஒருவன் இருந்தான் என்பதையோ நினைப்பவர் யார்?

ஆகவே நம்பத்தகுந்த கௌபாய் ஒருவனை எழுத விரும்புகிறவருக்கு நான் சொல்லக்கூடியது சிக்கலானதன்று. முதலில் துப்பாக்கியைப் பிடுங்கி வையுங்கள். பிறகு அந்த மனிதனைப் பாருங்கள். அவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான்? அவனுடையது எது, முதலாளியுடையது எது? எந்தச் சட்டத்துக்கு உள்ளே நிற்கிறான். எந்த இடத்தில் அதை மீற ஆசைப்படுகிறான்? ராத்திரியில் எந்த ஓசைக்குத் திடுக்கிட்டு எழுகிறான்? மந்தையில் எந்த மாட்டை அவன் மனசுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தபின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம். அப்போது அவன் அதைச் சுடுவதற்கு எடுத்தால் வாசகன் கை நடுங்கும். விடை தெரியாவிட்டால் அவன் நூறு பேரைச் சுட்டாலும் தீபாவளி வெடிதான்.

விடை தேடத் தமிழில் ஆசான்கள் இல்லாமலில்லை. கி. ராஜநாராயணனின் 'கிடை'யில் ஆடு மேய்ப்பவர்களின் உலகம் முழுவதும் இருக்கிறது. பயிரை ஆடு மேய்ந்துவிட்ட ஒரு விவகாரத்தைக் கொண்டே ஊரின் நீதியையும் அநீதியையும் திறந்து காட்டிவிட்டார். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவிலிருக்கும் சில கணங்களை வைத்தே எழுந்து நிற்கிறது. அந்தக் காளையின் மூச்சைப் பக்கத்தில் உணரலாம். இருவரும் டெக்ஸாஸைப் பற்றி எழுதவில்லை. ஆயினும் டெக்ஸாஸைப் பற்றி எழுதப்போகிறவர் முதலில் படிக்கவேண்டியவை இவைதாம் என்பது என் கட்சி.

இன்னும் பின்னே போனால் நம்மவர்கள் இதை வீரத்தின் முதல் பாடமாகவே வைத்திருந்ததைக் காணலாம். 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. பகைவனின் ஆநிரையைக் கவர்வதற்கு வெட்சி என்றும், அதை மீட்பதற்குக் கரந்தை என்றும் பெயர் வைத்து, பூவும் சூட்டி, இலக்கணமும் எழுதினார்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகல்லில், பழைய தமிழ் பிராமி எழுத்தில், 'ஆகோள்' என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. மாடு பிடிக்கும் பூசலில் மாண்ட ஒருவனுக்காக நட்ட கல் அது. நம் நாட்டில் கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அரசனுக்கு அன்று, மாட்டுக்காக மாண்டவனுக்கு எடுத்தது! மாடு மேய்ப்பதை வசவாக்கியது பின்னால் வந்த நாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநாலாம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்தது. பொற்சேந்தி என்பவரின் ஆளான கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கும் பூசலில் பட்டு வீழ்ந்தான் என்கிறது கல்வெட்டு. பசுக்கூட அல்ல, எருமை! அத்துடன் நிறுத்தவில்லை. அவனோடு ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் கோவிவன். அது திருடர் இருவரைக் கடித்துவிட்டு, இறந்து கிடந்த எஜமானன் அருகே காத்து நின்றது என்ற செய்தியும் கல்லிலே இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கல்தச்சன் நாவல் எழுதக் கற்றவனல்லன். அவனுக்குக் கிடைத்த இடம் ஒரு பலகைக் கல். எழுதியது சில வரிகள். அவன் யாருடைய ஆள், எந்தப் பிராணிக்காக மாண்டான், சாகும்போது பக்கத்தில் இருந்தது யார் என்ற மூன்றைத்தான் சொன்னான். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அந்த எருமைக்காரனை நாம் நம்புகிறோம். நாயை அதைவிட அதிகமாக நம்புகிறோம்.